செவிலியரின் தொடக்க ஊதியமும் இரவுப்பணியும்: இந்தியாவில் ஒரு வரலாறு

முன்னுரை

படிப்பை முடித்து முதன்முதலில் பணியில் சேரும் செவிலியரின் வருமானத்தை இரண்டு செய்திகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அவருக்குக் கிடைக்கும் தொடக்க ஊதியம். மற்றொன்று, இரவு, ஞாயிறு, பண்டிகை நாள் போன்ற கடினமான நேரங்களில் வேலை செய்வதற்காக அந்த ஊதியத்துக்கு மேல் தரப்படும் தொகை. பல நாடுகளில் இவை இரண்டும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. இந்தியாவில் முதலாவதற்காகப் பல பத்தாண்டுகளாகக் குழுக்கள் அமைந்தன, வழக்குகள் நடந்தன, வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. தொடக்க ஊதியம் மெல்ல உயர்ந்தது. ஆனால் இரவுப்பணி நேரம் பெரும்பாலும் மாத ஊதியத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. இந்த நிலை எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பயிற்சியும் விடுதியும்

1871ஆம் ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த செவிலியர்கள் அதற்குப் பொறுப்பேற்றனர். ஏற்கெனவே மகப்பேறு பயிற்சி பெற்றிருந்த பெண்களே முதல் மாணவியராகச் சேர்ந்தனர். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909ஆம் ஆண்டு செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் பதிவுச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டு வேலூரிலும் தில்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947ஆம் ஆண்டு இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது.

இந்தக் காலத்துச் செவிலியர் பள்ளி பெரும்பாலும் மருத்துவமனையின் ஒரு பகுதியாகவே இருந்தது. மாணவியர் படித்துக்கொண்டே வார்டுகளில் பணியாற்றினர். இரவுப் பணியும் அதில் அடங்கும். அவர்களுக்கு உதவித்தொகையும் விடுதியும் உணவும் சீருடையும் கிடைத்தன. பயிற்சி முடிந்தபின் சேரும் செவிலியரும் மருத்துவமனை வளாகத்திலுள்ள விடுதியிலேயே தங்கினார். எனவே அவர் பெற்றதில் ஒரு பங்கு பணமாகவும் மற்றொரு பங்கு தங்குமிடமும் சோறுமாகவும் இருந்தது.

இதில் வேலை நேர அமைப்புக்கும் பங்குண்டு. அன்று பல மருத்துவமனைகளில் பிரிந்த பணிமுறை இருந்தது. காலையில் சில மணி நேரம் வேலை செய்துவிட்டு, நண்பகலில் இடைவெளி விட்டு, மாலையில் மீண்டும் வார்டுக்கு வரவேண்டும். வெளியில் குடும்பத்தோடு வாழ்பவருக்கு இது எளிதல்ல. வளாகத்திலேயே தங்கியிருக்கும் மணமாகாத பெண்ணை மனத்தில் வைத்தே இந்த முறை நடந்தது. எப்போது அழைத்தாலும் வரக்கூடியவராகச் செவிலியர் கருதப்பட்டதால், எந்த மணிக்கு வேலை செய்தார் என்று பார்த்து ஊதியம் தரும் வழக்கம் வளரவில்லை.

குழுக்கள் கண்டவை

விடுதலைக்கு முன் இந்தியாவின் மருத்துவ நிலையை ஆராய்ந்த போர் குழு 1946ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற விகிதமே அப்போது இருந்தது. எண்ணிக்கையை உயர்த்தவேண்டுமானால் பணிநிலைமையைச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

1954ஆம் ஆண்டு செவிலியரின் பணி நிபந்தனைகளையும் ஊதியத்தையும் ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் சென்னை மாநில சுகாதார அமைச்சராக இருந்த ஏ. பி. ஷெட்டி. ஆகவே அது ஷெட்டி குழு என்று அழைக்கப்படுகிறது.

1987ஆம் ஆண்டு நடுவண் அரசு செவிலியர் தொழில் பற்றிய உயர்நிலைக் குழுவை அமைத்தது. சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன் பின்னர் அதற்குத் தலைமை ஏற்றார். செவிலியர் பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் இக்குழுவின் பரிந்துரைகளுள் வேலை நேரம் குறித்தவை முக்கியமானவை. வார வேலை நேரம் 40 மணியாகக் குறைய வேண்டும். எல்லா மாநிலங்களிலும் இடைவெளியற்ற நேர் பணிமுறை வேண்டும். கூடுதல் நேரம் வேலை செய்தால் விடுப்பாகவோ பணமாகவோ ஈடு தரவேண்டும். வார விடுமுறை தரவேண்டும் என்று குழு கூறியது. பிரிந்த பணிமுறை 1980களின் இறுதிவரை சில இடங்களில் தொடர்ந்தது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

ஊதியத்தைப் பொறுத்தவரை இக்குழு எச்சரிக்கையாக நடந்துகொண்டது. நாடு முழுவதும் ஒரே ஊதிய விகிதம் நடைமுறையில் இயலாது என்றும், சீருடை, சலவை, உணவு ஆகியவற்றுக்கான படிகளாவது ஒரே அளவில் இருக்கவேண்டும் என்றும் அது கருதியது. அதாவது செவிலியருக்கென்று தனியாகப் பேசப்பட்ட படிகள் பழைய விடுதி வாழ்க்கையின் தொடர்ச்சியாகவே இருந்தன. கூடுதல் நேரத்துக்கு ஈடு கேட்ட இடத்திலும் இரவு நேரத்துக்கென்று ஒரு விகிதம் குறிக்கப்படவில்லை.

உலக அளவில் அதற்கு முன்பே ஒரு வரையறை உருவாகியிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977ஆம் ஆண்டு செவிலியர் குறித்த 149ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. மிகைநேரம், வசதியற்ற நேரம், முறைமாற்றுப் பணி ஆகியவற்றுக்கான ஈட்டில் செவிலியர் மற்றத் தொழிலாளர்களுக்குக் குறைந்தவராக இருக்கக்கூடாது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை.

நடுவண் அரசுப் பணியில் தொடக்க ஊதியம்

தொடக்க ஊதியம் தெளிவாக உயர்ந்த இடம் நடுவண் அரசுப் பணி. ஒவ்வொரு ஊதியக் குழுவின் காலத்திலும் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸின் அடிப்படை ஊதியம் பின்வருமாறு அமைந்தது.

நான்காம் ஊதியக் குழு, 1986 முதல்: 1,400 ரூபாய்.
ஐந்தாம் ஊதியக் குழு, 1996 முதல்: 5,000 ரூபாய்.
ஆறாம் ஊதியக் குழு, 2006 முதல்: தர ஊதியம் 4,600 ரூபாயையும் சேர்த்து 17,140 ரூபாய்.
ஏழாம் ஊதியக் குழு, 2016 முதல்: 44,900 ரூபாய்.

இத்தொகைகளின் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். விலைவாசி உயர்வையும் கணக்கில் கொண்டே இவற்றை ஒப்பிட வேண்டும். ஆயினும் ஆறாம் ஊதியக் குழு செவிலியரின் படிநிலையையே உயர்த்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றோடு செவிலியர் படி என்ற மாதத் தொகையும் உண்டு. ஏழாம் ஊதியக் குழுவுக்குப் பின், 2017 ஜூலை முதல் அது 4,800 ரூபாயிலிருந்து 7,200 ரூபாயாக உயர்ந்தது. அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டியதும் இன்னும் கால் பங்கு கூடி 9,000 ரூபாயானது. அறுவை அரங்கில் பணிபுரிவோருக்கான படி 360 ரூபாயிலிருந்து 540 ரூபாயானது. செவிலியர் படி ஒரே அளவான தொகை. மாதம் பத்து இரவுகள் விழித்தவருக்கும், ஓர் இரவும் விழிக்காமல் பகலில் மட்டும் பணியாற்றியவருக்கும் அது ஒன்றுதான்.

இரவுப் பணிப்படி என்னும் கணக்கு

இரவு நேரத்தைக் கணக்கிடும் முறை நடுவண் அரசிடம் இல்லாமல் இல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை செய்யும் வேலை இரவுப்பணி எனப்படும். அதில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஒரு மணி நேரத்தின் மதிப்பை அறிய, அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 200ஆல் வகுக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு ஊழியரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 40,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு மணி நேர மதிப்பு 200 ரூபாய். எட்டு மணி நேர இரவுப்பணிக்கு 80 நிமிடம் கூடுதலாகச் சேரும். அதற்கான தொகை ஏறத்தாழ 267 ரூபாய். மாதம் எட்டு இரவுகள் வேலை செய்தால் சுமார் 2,130 ரூபாய் கிடைக்கும்.

ஆனால் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜூலையில் நடுவண் பணியாளர் துறை வெளியிட்ட ஆணைப்படி, அடிப்படை ஊதியம் 43,600 ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு இரவுப் பணிப்படி கிடையாது. ஸ்டாஃப் நர்ஸின் தொடக்க ஊதியமோ 44,900 ரூபாய். ஆகவே இந்தப் பொது விதியின்கீழ் வந்தாலும், முதல் நாள் பணிக்கு வரும் செவிலியரே 1,300 ரூபாய் வேறுபாட்டில் வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறார். நெடுங்காலம் போராடிப் பெற்ற தொடக்க ஊதியமே இரவுக்கான தொகையைப் பெறத் தடையாக மாறும் நிலை இது.

பிரிட்டனின் முறை: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் செவிலியர் பலர் பணிக்குச் செல்லும் பிரிட்டனில் இந்தக் கணக்கு வேறுவிதமாக உள்ளது. அங்குள்ள தேசிய சுகாதார சேவையில் 2004ஆம் ஆண்டு முதல் பொதுவான ஊதியக் கட்டமைப்பு நடைமுறையில் இருக்கிறது. பதிவுபெற்ற புதிய செவிலியர் ஐந்தாம் படிநிலையில் சேர்வார். இங்கிலாந்தில் 2024-25ஆம் ஆண்டுக்கான அதன் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 29,970 பவுண்டு.

இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை செய்யும் வேலைக்கும் சனிக்கிழமை வேலைக்கும் ஐந்தாம் படிநிலையில் 30 விழுக்காடு கூடுதல் ஊதியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கும் பொது விடுமுறைக்கும் 60 விழுக்காடு. ஒரு மணி நேர ஊதியம் 100 என்றால், அங்கு இரவு நேரத்தின் மதிப்பு 130. இந்திய நடுவண் அரசின் பத்து நிமிடக் கணக்கில் அது 116 முதல் 117 வரை வரும். இந்திய முறையில் ஞாயிற்றுக்கிழமைக்கு வார விடுப்பை மாற்றித் தருவதே வழக்கம்.

தொகை மட்டுமே இங்கு வேறுபாடு அன்று. இரவுக்குத் தனி விலை இருந்தால், ஒருவருக்குத் தொடர்ந்து இரவுப்பணி தரும்போது நிர்வாகத்துக்குச் செலவு கூடும். அந்தச் செலவு கணக்கேட்டில் தெரியும். விலை இல்லாத இடத்தில் இளையவருக்கே அதிக இரவுகள் ஒதுக்குவதற்கு எந்தத் தடையும் இருப்பதில்லை.

தனியார் மருத்துவமனைகளும் உச்ச நீதிமன்றமும்

நடுவண் அரசுப் பணி கிடைப்பவர் சிலரே. 1990களுக்குப் பின் தனியார் செவிலியர் கல்லூரிகளும் தனியார் மருத்துவமனைகளும் பெருகின. கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்கள் சில ஆயிரம் ரூபாய் மாத ஊதியத்தில் சேர்ந்தனர். அனுபவச் சான்றிதழ் இருந்தால்தான் வெளிநாடு செல்ல முடியும் என்பதால் குறைந்த ஊதியத்தையும் பொறுத்துக்கொண்டனர். குறிப்பிட்ட ஆண்டுகள் வரை வேலையை விடக்கூடாது என்று பணிப்பிணைப்பு எழுதி வாங்குவதும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வதும் பல இடங்களில் நடந்தன. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பையில் கேரளச் செவிலியர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது இந்தப் பிணைப்பு முறை நாடெங்கும் பேசப்பட்டது.

அதே ஆண்டு இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016 ஜனவரி 29 அன்று, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிநிலைமையையும் ஆராய நிபுணர் குழு அமைக்குமாறு நீதிமன்றம் நடுவண் அரசைப் பணித்தது. அக்குழுவின் பரிந்துரைகள் வருமாறு.

200 படுக்கைகளுக்கு மேல்: மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம்.
100 படுக்கைகளுக்கு மேல்: அரசு ஊதியத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடாது.
50 முதல் 100 படுக்கைகள்: 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடாது.
50 படுக்கைகளுக்குக் கீழ்: எவ்வாறாயினும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது.

விடுப்பு, வேலை நேரம், போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவை அரசுச் செவிலியருக்கு உள்ளதைப் போலவே இருக்கவேண்டும் என்றும் குழு கூறியது. ஆனால் மருத்துவத்துறை மாநிலப் பட்டியலில் உள்ளதால், இவற்றைச் சட்டமாக்குவது மாநிலங்களின் கையில் இருந்தது. தில்லி அரசு 2018ஆம் ஆண்டு ஆணை பிறப்பித்தது. அதை எதிர்த்து மருத்துவமனைகள் தொடுத்த வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தள்ளுபடி செய்தது.

இப்பரிந்துரை மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கையை அளவாகக் கொண்டது. ஒரு செவிலியர் மாதத்தில் எத்தனை இரவு பணி செய்கிறார் என்பது ஊதிய அளவில் இடம்பெறவில்லை.

கேரளத்தில் நடந்தவை

2011 நவம்பரில் திருச்சூரில் ஐக்கிய செவிலியர் சங்கம் உருவானது. அடுத்த மாதங்களில் கேரளத்தின் பல தனியார் மருத்துவமனைகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2012 ஆகஸ்டில் கோதமங்கலத்தில் நெடுநாள் வேலைநிறுத்தத்தின் முடிவில் மூன்று செவிலியர் மருத்துவமனைக் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்றனர். அதன் பின்னரே பேச்சுவார்த்தை முடிவுக்கு வந்தது.

2017 ஜூலையில் மாநில அளவில் போராட்டம் தீவிரமானது. முதலமைச்சர் பினராயி விஜயன் கூட்டிய பேச்சுவார்த்தையில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்ற உடன்பாடு ஏற்பட்டது. ஆணை வருவதில் காலம் கடந்ததால், 2018 ஏப்ரல் 24 அன்று சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் வரை நடைப்பயணம் தொடங்கச் சங்கம் முடிவு செய்தது. அதற்கு முந்தைய நாள் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளியானது; நடைப்பயணம் கைவிடப்பட்டது. மருத்துவமனை நிர்வாகங்கள் அந்த அறிவிக்கையை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.

கேரளப் போராட்டம் ஊதியத்தோடு நிற்காமல் பணிநேரத்தையும் கேட்டது. அங்கு வீரகுமார் குழு பரிந்துரைத்த முறை 6-6-12 என்று அறியப்படுகிறது. காலை ஆறு மணி நேரம், பிற்பகல் ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம் என்பது அதன் பொருள். 2021ஆம் ஆண்டு 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் இதைச் செயல்படுத்த ஆணையிடப்பட்டது. மாதம் 208 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் மிகைநேர ஊதியம் தரவேண்டும். 26 நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்கே 208. இதனால் மிகைநேரத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது. எல்லைக்குள் வரும் இரவு மணியும் பகல் மணியும் ஒரே விலையிலேயே இருந்தன.

தமிழ்நாட்டில் தொகுப்பூதியம்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எந்நேரமும் மகப்பேறு பார்க்கும் வசதி வந்தது மாநிலத்தின் பொதுச் சுகாதார வரலாற்றில் பெரிய மாற்றம். இதற்காக ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று செவிலியர் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். ஒரு நாளை மூன்று பணிமுறைகளாகப் பிரித்ததால் மூவர். ஒருவர் விடுப்பில் சென்றால் மற்ற இருவரும் அந்த நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரவில் பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்குக் கதவு திறந்திருப்பது இவர்களால்தான். இரவுப்பணியை அடிப்படையாகக் கொண்டே உருவான இந்தப் பணியிடங்களுக்குத் தரப்பட்டது தொகுப்பூதியம்.

தொகுப்பூதியம் என்பது ஒரே மொத்தத் தொகை. அதில் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஆண்டு ஊதிய உயர்வு ஆகியவை தனியாக இல்லை. நிரந்தரப் பணியாளர் பெறும் காலமுறை ஊதியத்திலிருந்து இது இவ்வாறே வேறுபடுகிறது.

2012ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு 7,243 செவிலியர் பணியிடங்களுக்கு அது போட்டித் தேர்வு நடத்தியது. தேர்வானவர்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்ற எதிர்பார்ப்போடு அவர்கள் சேர்ந்தனர். அது நிறைவேறாததால் 2017 நவம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கான செவிலியர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு இரவு பகலாகப் போராடினர். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின் பணிக்குத் திரும்பினர். தொகுப்பூதியம் பின்னர் 14,000 ரூபாயாகவும், அதன்பின் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. காலியிடம் ஏற்படும்போது பகுதி பகுதியாகப் பணிநிரந்தரம் நடந்தது.

கொரோனா காலத்தில் மேலும் பலர் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 2,300க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2023ஆம் ஆண்டின் முதல் நாள்கள் போராட்டத்தோடு தொடங்கின. வேலை நிலைக்குமா என்பதே கேள்வியாக இருக்கும்போது, இரவுக்குத் தனித் தொகை என்ற கோரிக்கை எழுவதற்கே இடமிருப்பதில்லை.

இரவுக்கு விலை ஏன் வரவில்லை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து மூன்று காரணங்களைத் தொகுக்கலாம்.

முதலாவது, விடுதி மரபு. செவிலியர் வளாகத்திலேயே வாழ்ந்த காலத்தில் உணவும் தங்குமிடமும் ஊதியத்தின் பகுதியாக இருந்தன. விடுதி வாழ்க்கை மறைந்த பின்னும், எந்நேரமும் கிடைப்பவர் என்ற எண்ணம் மறையவில்லை.

இரண்டாவது, சட்டத்தின் பார்வை. தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவில் வேலை வாங்குவதைத் தடை செய்தது. மருத்துவமனை தொழிற்சாலை அன்று என்பதால் அத்தடை செவிலியரைத் தொடவில்லை. நோயாளியைக் கருதினால் அது தேவையானதே. ஆனால் தடை இல்லாத இடத்தில் அதற்கு ஈடான பாதுகாப்போ, போக்குவரத்தோ, கூடுதல் ஊதியமோ சட்டத்தில் எழுதப்படவில்லை.

மூன்றாவது, தொடக்க ஊதியமே மிகவும் குறைவாக இருந்தது. 7,700 ரூபாய் பெறுபவர் முதலில் கேட்பது வாழத் தேவையான அடிப்படை ஊதியத்தை. எனவே சங்கங்களின் முயற்சி முழுவதும் அந்த ஒரே எண்ணின்மீது குவிந்தது.

முடிவுரை

இந்தியச் செவிலியரின் தொடக்க ஊதியம் குழு அறிக்கைகளாலும் நீதிமன்ற ஆணைகளாலும் வீதிப் போராட்டங்களாலும் உயர்ந்து வந்திருக்கிறது. நடுவண் அரசுப் பணிக்கும், மாநில ஒப்பந்தப் பணிக்கும், சிறு தனியார் மருத்துவமனைக்கும் இடையே அதில் இன்னும் பெரிய இடைவெளி உள்ளது. இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவானது, புதிதாகச் சேர்ந்த செவிலியர் செய்யும் இரவுப்பணி பெரும்பாலும் ஊதியச் சீட்டில் தனி வரியாக இடம்பெறாததே.

பணியில் சேரவிருக்கும் மாணவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் சில செய்திகளைக் கேட்டறிய வேண்டும். அது காலமுறை ஊதியமா தொகுப்பூதியமா? மாதத்தில் எத்தனை இரவுகள், ஓர் இரவுக்கு எத்தனை மணி நேரம்? எத்தனை மணி நேரத்துக்கு மேல் மிகைநேரமாகும்? இரவுக்குப் பின் ஓய்வு நாள் உண்டா? 20,000 ரூபாய் ஊதியம் 208 மணி நேரத்துக்குத் தரப்பட்டால் ஒரு மணிக்கு 96 ரூபாய். அதே தொகை 260 மணி நேரத்துக்குத் தரப்பட்டால் 77 ரூபாய்தான். தொடக்க ஊதியத்தின் உண்மையான அளவை இந்தக் கணக்கே காட்டும்.